பாண் விலைக்கூட்டுக்குக் கிடைத்த 25 டொலர்: கனடாவின் இரண்டு நட்டஈட்டுத் திட்டங்கள் பற்றிய மதிப்பாய்வு

பொதிசெய்த பாணின் விலையைப் பேக்கரி நிறுவனங்களும் பெரிய கடைகளும் தமக்குள் பேசி ஏற்றியதாக எழுந்த விவகாரத்தில், கனடாவில் வாழும் நுகர்வோருக்கு இதுவரை இரண்டு நட்டஈட்டுத் திட்டங்கள் திறக்கப்பட்டுள்ளன. முதலாவது, பெரிய மளிகைக் கடைக் குழுமமான லொப்லோ நிறுவனம் 2018 இல் தானே முன்வந்து கொடுத்த 25 டொலர் அட்டை. இரண்டாவது, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பாண் வாங்கியோர் எல்லோரின் சார்பிலும் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்குகளில் 2024 ஜூலையில் எட்டப்பட்டு, 2025 இல் இரு மாகாண நீதிமன்றங்களின் ஒப்புதலையும் பெற்ற 500 மில்லியன் டொலர் இணக்கத் தீர்வு. அதற்கான கோரிக்கைகள் 2025 செப்டெம்பர் 11 முதல் டிசம்பர் 12 வரை ஏற்கப்பட்டன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முதியோர் சிலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நானும் பங்கெடுப்பதால், இரண்டு திட்டங்களையும் பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. ஒரு கடையையோ உணவகத்தையோ மதிப்பிடுவதுபோலவே இவற்றையும் மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். இலட்சக்கணக்கானோரிடமிருந்து சிறுகச் சிறுக எடுக்கப்பட்ட பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு சேவைதான். அதை நன்றாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம்.

நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஒக்ரோபர் 31 ஆம் திகதி, நிறுவனங்கள் கூடிப் போட்டியைக் கெடுப்பதை விசாரிக்கும் அரச அமைப்பான போட்டிப் பணியகத்தின் அதிகாரிகள் சில மளிகை நிறுவனங்களின் அலுவலகங்களைச் சோதனையிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 19 ஆம் திகதி, லொப்லோவும் அதன் தாய் நிறுவனமான ஜோர்ஜ் வெஸ்ரனும், 2001 இன் இறுதியிலிருந்து 2015 மார்ச் வரை துறை முழுவதும் பரவியிருந்த ஒரு விலை ஏற்பாட்டில் தாங்கள் பங்கெடுத்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. ஜோர்ஜ் வெஸ்ரன் அப்போது ஒரு கையில் வெஸ்ரன் பேக்கரியையும் மறு கையில் லொப்லோ கடைகளையும் வைத்திருந்தது. அதாவது வண்டர், கன்ட்றி ஹார்வெஸ்ற் போன்ற பாண்களைச் சுடுபவரும் விற்பவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். எதிர்ப்பக்கத்தில் டெம்ஸ்ரர்ஸ் பாணைத் தயாரிக்கும் கனடா பிரெட் இருந்தது. பணியகம் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணங்கள் 2018 ஜனவரியின் இறுதியில் வெளிவந்தபோது, இந்த ஏற்பாட்டின் இயங்குமுறையும் தெரியவந்தது. பேக்கரிகளின் உயரதிகாரிகள் விலையேற்றத்தைப் பற்றித் தமக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு, பின்னர் கடைகளிடம் சென்றார்கள் என்றும், கடைகளோ போட்டிக் கடையும் அதே அளவு ஏற்றுமா என்பதை உறுதிப்படுத்திக்கொண்டே இணங்கின என்றும் பணியகம் குற்றஞ்சாட்டியது. மொத்த விலையில் 7 சதம், சில்லறை விலையில் 10 சதம் என்பது வழக்கமான கணக்கு. இடையில் வரும் 3 சதம் கடையின் பங்கு. 2001 இலிருந்து பதினாறு ஆண்டுகளில் ஒரு பாணின் விலை குறைந்தது 1.50 டொலர் ஏறியது என்றும் அந்த ஆவணங்கள் கூறின.

வோல்மார்ட், சோபீஸ், மெற்றோ, ஜயன்ற் ரைகர் ஆகிய நான்கு கடை நிறுவனங்களும் தங்கள்மீதான குற்றச்சாட்டை மறுத்தன. கனடா பிரெட் 2023 ஜூனில் ஒன்ராறியோ மேல் நீதிமன்றத்தில் நான்கு குற்றங்களை ஒப்புக்கொண்டு, 2007 இலும் 2011 இலும் நடந்த விலையேற்றங்களுக்காக 50 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. விலைக்கூட்டுக்காகக் கனடிய நீதிமன்றம் ஒன்று விதித்த தண்டங்களில் அதுவே மிகப் பெரியது. ஆனால் தண்டப் பணம் அரசாங்கத்தின் திறைசேரிக்குப் போகிறது. பாண் வாங்கியவரின் கைக்கு அதில் ஒரு சதமும் வருவதில்லை. தண்டச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு "எங்களுக்கு எப்போது வரும்?" என்று கேட்டவர்களுக்கு இதை விளக்குவதே எனக்குப் பல சமயம் பெரும்பாடாக இருந்தது. நட்டஈடு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும்.

லொப்லோ ஏன் தண்டம் கட்டவில்லை என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தே வரும். 2015 மார்ச்சில் அந்த நிறுவனம் தானாகவே பணியகத்திடம் போய் விடயத்தைச் சொன்னது. கூட்டாளிகளில் முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து விலக்கு அளிப்பது பணியகத்தின் நடைமுறை. இந்த விலக்கு பலருக்கு எரிச்சலூட்டுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடிய அறைக்குள் பேசப்பட்டதை உள்ளிருந்தவரே வெளியில் சொல்லாவிட்டால் அது வெளிவரவே வராது. அந்த விலக்கு குடியியல் வழக்கைத் தடுக்காது என்பதுதான் இங்கே முக்கியமானது; வாங்கியவருக்கு இழப்பு இருந்தால் அதை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி அட்டைக்கு வருகிறேன். 2018 ஜனவரி 8 முதல் மே 8 வரை இணையத்தில் பதிவு செய்யலாம் என்று லொப்லோ அறிவித்தது. 2015 மார்ச் மாதத்துக்கு முன் அதன் கடைகளில் பொதிசெய்த பாண் வாங்கிய வயதுவந்தோர் எவரும் பற்றுச்சீட்டுக் காட்டாமல், வாங்கினேன் என்று உறுதி கூறினாலே போதும். முப்பது இலட்சம் முதல் அறுபது இலட்சம் பேர் வரை பதிவார்கள் என்றும், 75 முதல் 150 மில்லியன் டொலர் வரை செலவாகும் என்றும் நிறுவனம் எதிர்பார்த்தது. பதிவு செய்வது எளிது, சட்டத்தரணி தேவையில்லை, கட்டணக் கழிவு கிடையாது, தபாலில் ஒரு பிளாஸ்ரிக் அட்டை வந்துசேரும். இந்த அளவில் பார்த்தால், நட்டஈட்டுத் திட்டங்களில் நான் கண்டவற்றுள் மிக விரைவானது இதுதான். அட்டையை வாங்கியதனால் வழக்குத் தொடரும் உரிமை பறிபோகாது, பின்னர் ஏதும் கிடைத்தால் 25 டொலர் மட்டும் கழிக்கப்படும் என்பதும் நேர்மையான நிபந்தனையே.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அட்டையை லொப்லோ குழுமத்தின் கடைகளில், அதாவது நோ ஃபிரில்ஸ், சூப்பர்ஸ்ரோர், ஃபோர்ட்டினோஸ் போன்றவற்றில், மட்டுமே செலவழிக்க முடியும். பணத்தை எடுத்தவரிடமே திரும்பிப் போய்ப் பொருள் வாங்கு என்று சொல்வது மன்னிப்புக் கேட்பதைப் போலவும் இருக்கிறது, வாடிக்கையாளரை இழுக்கும் விளம்பரத்தைப் போலவும் இருக்கிறது. 25 டொலருக்கு ஒருவர் பொருள் வாங்கும்போது, அந்தப் பொருளைக் கடை வாங்கிய விலை 25 டொலருக்குக் குறைவுதான். போதாக்குறைக்கு, உள்ளே நுழைந்தவர் 25 டொலரோடு நிறுத்திக்கொண்டு வெளியே வருவதும் அரிது. இந்தக் குறை அப்போது சிறிதாகவே தெரிந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த இணக்கத் தீர்வில் அது பெரிதானது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அட்டைத் திட்டத்தின் இன்னொரு குறை அடையாள ஆவணங்கள் பற்றியது. பதிவு செய்தவர்களில் சிலரிடம் சாரதி அனுமதிப்பத்திரத்தின் அல்லது வீட்டுக் கட்டணச் சீட்டின் பிரதி கேட்கப்பட்டது. பெயரும் முகவரியும் மட்டும் தேவைப்படும் இடத்தில், மற்ற விவரங்களை மறைத்துவிட்டு அனுப்பலாம் என்று முதலில் சொல்லப்படவில்லை. இதைப் பற்றிய முறைப்பாடு தனியுரிமை ஆணையாளரிடம் போயிற்று. தேவைக்கு மேற்பட்ட தகவல் கேட்கப்பட்டது என்ற பகுதி நியாயமானது என்று 2019 இல் ஆணையாளர் கண்டார், நிறுவனமும் தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது. அந்த ஆவணங்கள் வெளிநாட்டில் கையாளப்பட்டது பற்றிய பகுதியை அவர் ஏற்கவில்லை. 25 டொலருக்காகச் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பத் தயங்கிப் பாதியிலேயே விட்டவர்கள் எங்கள் வட்டத்திலும் இருந்தார்கள். அவர்களின் தயக்கம் பிழையென்று நான் சொல்லமாட்டேன்.

கூட்டு வழக்கு அட்டையைப் போல எளிதான சேவை அல்ல. அதன் அவசியத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். பாண் விலை ஏறியதற்கு விலைக்கூட்டு மட்டுமே காரணமல்ல. கோதுமை விலையும் எரிபொருள் விலையும் அந்தக் காலத்தில் ஏறின. ஆகவே 1.50 டொலர் முழுவதையும் நிறுவனங்களின் தலையில் கட்டாமல், பாண் ஒன்றுக்குப் பத்துச் சதம் மட்டும் அநியாயமாகக் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு இரண்டு பாண் வாங்கும் ஒரு வீட்டில் அது ஆண்டுக்கு 10 டொலர் 40 சதம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு 135 டொலர். இந்தத் தொகைக்காக எவரும் சட்டத்தரணியை அமர்த்தமாட்டார். ஒன்ராறியோவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யவே நூறு டொலருக்கு மேல் கட்ட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் கேட்கவே பெறுமதியற்றதாகவும், கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான மில்லியன்களாகவும் இருப்பதுதான் இத்தகைய இழப்பின் இயல்பு. விலைக்கூட்டு நடத்துபவர்களுக்கு அந்த இயல்பே காப்பாகவும் இருக்கிறது.

கனடாவில் இந்தக் காப்பை உடைக்கும் சட்டவழி ஓரளவு நன்றாகவே அமைந்திருக்கிறது. போட்டிச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு, குற்றத்தால் இழப்படைந்தவர் நட்டஈடு கேட்க இடமளிக்கிறது. பாணைப் பேக்கரியிடம் நேரே வாங்காமல் கடையில் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2013 ஒக்ரோபர் 31 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்டு என்று தீர்த்துவைத்தது. அதே நாளில் தீர்க்கப்பட்ட, சோளச் சீனிப்பாகு பற்றிய இன்னொரு வழக்கு நேர்மாறாக முடிந்தது. எந்தப் பானத்தில் அந்தப் பாகு இருந்தது, எதில் இருக்கவில்லை என்பது வாங்கியவருக்கே தெரியாத நிலையில், இழப்படைந்தவர் யாரென்று அடையாளம் காண வழியில்லை என்று அது தள்ளப்பட்டது. அந்த வகையில் பாண் வழக்கு அதிர்ஷ்டமான வழக்கு. தான் பாண் வாங்கினோமா என்று யோசிக்க வேண்டிய மனிதர் இந்த நாட்டில் யாரும் இல்லை.

2021 டிசம்பர் 31 ஆம் திகதி ஒன்ராறியோ நீதிமன்றம் இதைக் கூட்டு வழக்காக நடத்த அனுமதித்தது. விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தவரைத் தவிர மற்ற எல்லோரும் தாமாகவே வழக்கில் அடங்கிவிடுவார்கள் என்பது இதன் பெரிய பலம். இதன் பெறுமதியை உணர இங்கிலாந்தின் பழைய அனுபவமொன்று உதவும். உதைபந்தாட்டச் சட்டைகளின் விலையைக் கூட்டாக நிர்ணயித்ததற்காக ஜேஜேபி ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின்மீது விச் என்ற நுகர்வோர் அமைப்பு 2007 இல் வழக்குத் தொடுத்தது. அங்கே அப்போதிருந்த சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தாமே முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும். பெருந்தொகையானோர் அந்தச் சட்டைகளை வாங்கியிருந்தும், வழக்கில் பெயர் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 130 பேர்; அவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண் கிடைத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சொல்லக்கூட அது போதாது. 2015 இல் இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றி, விலகாதவர் எல்லோரும் அடங்கும் முறையைப் போட்டி வழக்குகளுக்குக் கொண்டுவந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

பாண் வழக்கின் இணக்கத் தீர்வில் ஜோர்ஜ் வெஸ்ரன் 247.5 மில்லியனும், லொப்லோ 252.5 மில்லியனும் பொறுப்பேற்றன. கனடாவில் போட்டிச் சட்ட வழக்கொன்றில் எட்டப்பட்ட மிகப் பெரிய தொகை என்று இது அறிவிக்கப்பட்டது. ஆனால் லொப்லோவின் பங்கில் 96 மில்லியன் டொலர், 2018 இல் அட்டையாக ஏற்கெனவே கொடுக்கப்பட்டதாகக் கணக்கு வைக்கப்பட்டது. ரொக்கமாக வந்தது 404 மில்லியன். 96 மில்லியனை 25 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 இலட்சம் அட்டைகள். தன் கடையில் மட்டும் செல்லுபடியாகும், தனக்கு 25 டொலரைவிடக் குறைவாகவே செலவாகிய அட்டையை நிறுவனம் முழு மதிப்புக்கும் வரவு வைத்துக்கொண்டதை என்னால் எளிதில் செரிக்க முடியவில்லை. வாங்கியவர் கையில் அது 25 டொலர் பெறுமதியான பொருளாகவே மாறியது, ஆகவே வரவு சரிதான் என்று எதிர்வாதம் செய்யலாம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. இருந்தாலும், வழக்கு வருமென்று தெரிந்த ஒரு நிறுவனம் தன் பொறுப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இவ்வளவு மலிவாக முன்கூட்டியே தீர்த்துக்கொண்டதை அதன் சட்டத்தரணிகளின் சாமர்த்தியம் என்றே குறித்துவைப்பேன். மறுபுறத்தில், வழக்கு இல்லாமலிருந்தால் 96 மில்லியனோடு கதை முடிந்திருக்கும் என்பதும் உண்மை. மீதி 404 மில்லியனும் கூட்டு வழக்கின் உழைப்பால் வந்தது.

தொகை பகிரப்பட்ட விதம் இது: ஏறத்தாழ 78 வீதம் கியூபெக்குக்கு வெளியே உள்ளவர்களுக்கு, 22 வீதம் கியூபெக்குக்கு, இரண்டிலும் சட்டத்தரணிகளின் கட்டணமும் நிருவாகச் செலவும் கழியும். கோரிக்கை செய்பவர், 2018 இல் அட்டை பெறாதவராக இருந்தால், முதலில் 25 டொலர் வரை அவருக்கு. அவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் மிச்சமிருந்தால்தான் அட்டை பெற்றவர்களுக்கு ஏதும் வரும். இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தபோது, இந்த ஒழுங்கான வரிசை நடைமுறையில் எப்படிக் குழம்பும் என்பது தெரிந்தது. எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா தன் கைப்பையை மேசைமீது கவிழ்த்து, நூலகச் சீட்டு, மருந்துக்கடைச் சீட்டு, பழைய பஸ் அட்டை எல்லாவற்றையும் பரப்பிவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தக் காட் எனக்கு வந்ததோ மகளுக்கு வந்ததோ தெரியாது. ஆனா நோ ஃபிரில்ஸிலை அதைக் குடுத்துப் பாலும் முட்டையும் வாங்கினது நல்ல ஞாபகம்." மகள் அப்போது வன்கூவரில் குடியேறியிருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்த 25 டொலர் யாருடைய பெயரில் வந்தது என்று ஒரு குடும்பம் நினைவு வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

பெயர்களும் தொல்லை கொடுத்தன. எங்கள் முதியோரில் பலருக்குக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முன்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் சொந்தப் பெயர் முன்னால் இருக்கும். 2018 இல் பேரப்பிள்ளை பதிந்தபோது இரண்டையும் சேர்த்து ஒரு புதுப் பெயரை உண்டாக்கியிருப்பார். படிவம் நிரப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். பணம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

படிவத்தைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு கேட்கப்படவில்லை. 2001 இல் வாங்கிய பாணுக்குச் சீட்டு வைத்திருப்பவர் யாரும் இல்லை; கேட்டிருந்தால் திட்டமே கேலிக்கூத்தாகியிருக்கும். கணினி நினைவகச் சில்லுகளின் விலைக்கூட்டு வழக்கில், 80 மில்லியன் டொலர் தீர்விலிருந்து சீட்டு இல்லாமலே ஆளுக்கு 20 டொலர் கேட்கலாம் என்று 2015 இல் கனடாவில் செய்ததுபோன்ற ஏற்பாடு இது. கியூபெக்குக்கு வெளியே 2001 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரை வாங்கியவை எல்லாம் அடங்கின. எந்தக் கடையில் வாங்கினாலும் சரி. லொப்லோ கடையில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு போய்விட்டது. பொதிசெய்த பாண் என்பதும் தாராளமாகவே வரையறுக்கப்பட்டிருந்தது: பணிஸ், ரோல், பேகல், பிட்டா, டோர்ட்டியா, ஏன், 'நான்' எனப்படும் ரொட்டியும்கூட அதில் உண்டு. நாங்கள் தமிழ்ப் பேக்கரியில்தான் பாண் எடுப்போம், எங்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுங்கியவர்கள் சிலர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கட்டிய வீட்டில் ஒரு பை வெட்டிய பாணாவது வந்திராமல் இருக்குமா என்று கேட்டதும் அவர்களே சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

குறைகளில் முதன்மையானது செய்தி போய்ச்சேராதது. இணையத்தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. சட்டப்படி அவ்வளவே தேவை. ஆனால் பாணுக்கு அதிக விலை கொடுத்தவர்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் வாசிக்கத் தடுமாறும் குடியேறிகள் கணிசமானோர். ரொறன்ரோவில் தமிழ் வானொலிகளும் வாரப் பத்திரிகைகளும் இருக்கின்றன. பஞ்சாபிக்கும் சீனத்துக்கும் அப்படியே. அறிவித்தல் செலவில் ஒரு சிறு பங்கு அங்கே போயிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். மின்னஞ்சல் முகவரி இல்லாதவர்கள் பிள்ளைகளின் தயவை நாட வேண்டியிருந்தது. போதாததற்கு, காசு தருகிறோம் என்று வரும் குறுஞ்செய்தி எதையும் திறக்காதீர்கள் என்று நாங்களே பல ஆண்டுகளாக முதியோருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் உண்மையான பணத்தையும் மோசடி என்று தள்ளிவிட்டார்கள்.

செய்தி பரவாததில் யாருக்கு நட்டம் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. 404 மில்லியனைக் கனடாவின் நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து டொலர்கூட வராது. கட்டணங்கள் கழிந்தால் இன்னும் குறையும். ஆக, 25 டொலர் என்ற வாக்கு, பெரும்பாலானோர் கோரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பின்மேல்தான் நிற்கிறது. நிறுவனங்கள் கட்டிய தொகை நிலையானது. எத்தனை பேர் கேட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கேட்காதவரின் பங்கு கேட்டவருக்குப் போகிறது. கணினியும் ஆங்கிலமும் கைவந்தவர்களின் பக்கம் பணம் சாய்வதை இந்த அமைப்பு தடுப்பதில்லை. கிழமைக்கு ஐந்து பாண் வாங்கிய பெரிய குடும்பமும், மாதத்துக்கு ஒன்று வாங்கிய தனியாளும் ஒரே தொகையைப் பெறுவதையும் இதே இடத்தில் சொல்ல வேண்டும். ஆனால் அதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை, ஏனென்றால் அளந்து கொடுக்க முற்பட்டால் அளக்கும் செலவே தொகையை விழுங்கிவிடும். ஆளுக்கொரு கோரிக்கை என்பதால், ஒரே வீட்டில் இருந்த கணவனும் மனைவியும் தனித்தனியே கேட்டிருக்கலாம் என்பதைப் பலர் அறியாமல் ஒன்றோடு விட்டதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

காலதாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. 2018 இல் அட்டையாக வந்த 25 டொலருக்கு வாங்கியதை 2025 இல் வாங்க 30 டொலராவது வேண்டும். விலைவாசி ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அப்படிப் பார்த்தால், அட்டை கிடைத்தவர்களைவிட, வழக்குக்காகக் காத்திருந்தவர்கள் சற்றுக் குறைவாகவே பெறுகிறார்கள். வேகத்துக்கு அட்டைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். பணத்தைக் கொடுக்கும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்கமாட்டேன். கூட்டு வழக்குக்குத் தொகைக்காக நான்கு, எளிய படிவத்துக்காக நான்கு, மக்களிடம் போய்ச்சேர்ந்த விதத்துக்கு ஒன்றரை. அரையை எதற்குக் கொடுத்தேன் என்றால், செய்தித் தொலைக்காட்சிகள் அதைப் பரவலாகச் சொன்னதற்காக. அது நிருவாகிகளின் சாதனை அல்லவென்பதும் எனக்குத் தெரியும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. லொப்லோவும் ஜோர்ஜ் வெஸ்ரனும் மட்டுமே இந்தத் தீர்வில் வெளியேறின. கனடா பிரெட்டும் குற்றச்சாட்டை மறுக்கும் மற்றக் கடைகளும் எதிராளிகளாகவே நிற்கின்றன. அவற்றில் எதனோடேனும் இன்னொரு தீர்வு வந்தால் மீண்டும் ஒரு படிவம் வரும். ஆகவே இம்முறை கோரியவர்கள் அந்த உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருப்பதும், எந்தப் பெயரில், எந்த முகவரியில் கோரினோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் குடும்ப ஆவணங்களோடு வைப்பதும் நல்லது. முதியோர் சங்கங்களும் கோயில்களும் தமக்கென ஒரு பொது மின்னஞ்சலைத் திறந்து, வழக்கை நடத்தும் சட்டத்தரணிகளின் அறிவித்தல் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.